அந்தப் பக்கத்துப் படகு

…நூல் அறுந்திருக்குமா, இருக்காதா, முதலில் அது தெரியட்டும், மற்றதெல்லாம் பிறகு, நேற்று மாலை ஏழு மணிக்குத் தன் கையாலேயே கட்டிவிட்டு வந்த நூல், தையல் டப்பாவில் கிடந்த சாம்பல் நிற நூல், படகின் கதவுக்கும் கரையிலிருக்கும் கம்பத்துக்கும் குறுக்கே முழங்கால் உயரத்தில், யார் ஏறினாலும் அறுந்துதானே ஆக வேண்டும், அதுவும் சீட்ஸே மாதிரி காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிற ஆள் ஏறினால் கம்பமே சாய்ந்திருக்கும்… ரென்ஸ்கே மரச்செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸில் நடந்தாள், மரச்செருப்பு போட்டால் சிப்பித்தூள் பாதை நொறுக் நொறுக்கென்று ஊரைக் கூட்டிவிடும், சைக்கிளையும் எடுக்கவில்லை, உருட்டினால்கூட அதன் பின்சக்கரம் டிக் டிக்கென்று காட்டிக்கொடுக்கும். அறுபத்து மூன்று வயதில் சொந்த வீட்டிலிருந்து திருடி மாதிரி வெளியேற வேண்டியிருக்கிறதே, யாரால், எல்லாம் அவனால்தான், நாற்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இப்போது கண்ணில் மண்ணைத் தூவுகிறானே கணவன் சீட்ஸே, அவனால். கிளம்பும்போது குறட்டை விட்டுக்கொண்டுதான் இருந்தான். உண்மையான குறட்டைதானா அது? கடைசியில் ஒரு விசில் வருமே, இன்றைக்கு வந்ததா? மணி ஐந்தே முக்கால், வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் கால்வாய் முழுக்க மூடுபனி, ஆகஸ்ட் மாதத்துப் பனி, எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

சந்தேகம் என்று வந்துவிட்டால் ரென்ஸ்கேயை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் இது வெறும் சந்தேகமில்லை, கணக்கு, எத்தனை தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது. இது சங்கிலிப் படகு, ஓட்டுகிறவன் கிடையாது, இரண்டு கரையிலும் கைப்பிடி வைத்த சக்கரம் ஒன்று, படகுக்குள் ஒன்று, மூன்றையும் சேர்த்துத் தண்ணீருக்கடியில் ஒரே சங்கிலி, ஏறியவர்கள் தாங்களே சுற்றிக்கொண்டு போவார்கள், வந்து பார்க்கும்போது படகு எதிர்க்கரையில் நின்றால் கரைச் சக்கரத்தைச் சுற்றி இழுத்துக்கொள்வார்கள், நீ இந்தப் பக்கம் சுற்றினால் அந்தப் பக்கத்துச் சக்கரமும் கூடவே சுற்றும். தினமும் மாலை ஏழு மணிக்குப் படகை வீட்டுப் பக்கம் இழுத்து நிறுத்த வேண்டும் என்பது சைக்கிள் பாதைச் சங்கத்தின் விதி, ஒன்பது வருஷமாக அவள் தவறியதே இல்லை. காலை ஏழு மணிக்குத் துடைக்க வருவாள். சில நாள் வந்து பார்த்தால் படகு அந்தப் பக்கம் நிற்கும். சரி, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்திருந்தால் படகு எங்கே இருக்கும்? இந்தப் பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து யாராவது போயிருந்தால்? அந்தப் பக்கம். ஆக, ஏழு மணிக்குள் இங்கிருந்து ஒருத்தர் போயிருக்கிறார், போனவர் படகில் திரும்பவில்லை. இங்கே இருப்பது எத்தனை வீடு? ஒரே வீடு. அந்த வீட்டில் எத்தனை பேர்? இரண்டு பேர். அதில் ஒருத்தி அவள். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா என்ன?

சீட்ஸேயும் பாதைச் சங்கத்தில்தான் இருக்கிறான், சைக்கிள்காரர்களுக்கு வழி காட்டுகிற எண் பலகைகளைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை, செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு வாளியும் பஞ்சுமாகக் கிளம்புவான், எட்டு மணிக்குத் திரும்புவான், எந்த வழியாக? பாலம் வழியாக. ஒன்பது கிலோமீட்டர் சுற்று! போவது எந்த வழியாக என்று கேட்டால், அதுவும் பாலம்தானாம், யாருக்குக் காது குத்துகிறான்… படகில் அக்கரை போய், அங்கே இருக்கிற வேலையை முடித்துக்கொண்டு, பாலம் வழியாக நல்லவன் மாதிரி வீட்டுக்கு வருவது, அதுதான் திட்டம். ஏப்ரலிலிருந்து பதினோரு செவ்வாய், ஏழு வெள்ளி, நடுவில் நாலைந்து வியாழனும் ஒரு ஞாயிறும்கூடப் படகு அந்தப் பக்கம் நின்றது, அன்றைக்கெல்லாம் சீட்ஸே படுக்கையில்தான் இருந்தான், அதனால் அந்த நாட்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொன்று, படகுப் பலகை. பனியில் நனைந்து, துடைத்த மேசை மாதிரி பளபளவென்று இருக்கும், ஒரு டயர் தடம் கிடையாது, ஒரு செருப்புத் தடம் கிடையாது. கார் வராத பாதை இது, சைக்கிள்காரர்கள்தான், இருபது வருஷமாகத் தடம் பார்த்தே பழகியவள் அவள், சீட்ஸேயின் பின் டயரில் இடது பக்கம் ஒரு வெட்டு உண்டு, எங்கே போனாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பலகையில் மட்டும் ஏன் இல்லை? துடைத்திருக்கிறான்! வாளியும் பஞ்சும் பின்னே எதற்கு! தடமே இல்லாமல் துடைக்கிறவன் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கிறான்!

சைக்கிள்காரர்கள் என்ன பாக்கியசாலிகள், ஒரே நிறத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக வருகிறார்கள், பேட்டரி சைக்கிள், கைப்பிடியில் ஒட்டிய துண்டுக் காகிதம், 38, 41, 42, 57 என்று, அந்த எண்ணைப் பார்த்து அடுத்த பலகை, அதைப் பார்த்து அதற்கடுத்தது, யோசிக்கவே வேண்டாம், எண் சொல்கிற பக்கம் திரும்பினால் போதும், மாலையில் காப்பியும் ஆப்பிள் கேக்கும் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இந்தக் கரை நாற்பத்தொன்று, அந்தக் கரை நாற்பத்திரண்டு. போன மாதம் ஒரு பெண் படகிலிருந்து இறங்கியதும் சொன்னாள், அந்தப் பக்கத்துப் பண்ணையில ஒரு அம்மா குடிக்கத் தண்ணி குடுத்தாங்க, ரொம்பத் தங்கமானவங்க, இந்தக் கரையில யாரு இருக்காங்க, நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சாங்க, என்று. விசாரித்தாளாம். எதற்கு விசாரிக்கிறாள்? பதினோரு வருஷமாக இல்லாத அக்கறை திடீரென்று எங்கிருந்து வந்தது? ரென்ஸ்கே சங்கிலியில் பாசி பார்க்கிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். பாசி உண்மையாகவே இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள், காலையில் படகை இந்தப் பக்கம் இழுக்கும்போது சில நாள் முதல் சுற்று கல் மாதிரி கனக்கும், வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால்தான் விடும், பிறகு லேசாக வரும். சங்கத்துக்கு இரண்டு தடவை எழுதினாள். ஆள் வந்து சங்கிலி முழுக்கத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாசியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, வயசானா கைக்கு எல்லாமே கனமாத்தான் தெரியும், என்று சிரித்துவிட்டுப் போனான், திமிர் பிடித்தவன்.

அந்தப் பண்ணையில் இருப்பது லிஸ்பெத், ரென்ஸ்கேயின் கூடப் பிறந்த அக்கா. அங்கே வேறு வீடு கிடையாது, மாடும் புல்லும்தான். அதனால்தானே வயிறு எரிகிறது, சீட்ஸே வேறு எவளையாவது பார்க்கப் போனால்கூட… ம், அதுவும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதைச் சத்தம் போட்டு, தட்டை உடைத்து, ஒரு வழி பண்ணிவிடலாம். இது அப்படியா? லிஸ்பெத்திடம் போகிறான் என்றால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் போகிறான். அம்மாவின் தங்கத் தலைத்தகடு. பாட்டியின் அம்மா காலத்திலிருந்து வந்தது, பண்டிகைக்கு லேஸ் தொப்பிக்கு அடியில் அணிவது, தகதகவென்று இரண்டு கன்னப்பக்கமும் எட்டிப் பார்க்கும். அம்மா போனபோது அதைக் காணவில்லை. அம்மாவைக் கடைசி வருஷம் பார்த்துக்கொண்டது லிஸ்பெத். பீரோ சாவி அவளிடம். வேறு யார் எடுத்திருக்க முடியும், அதுவும் கணக்குதான், அன்றைக்கும் இதே மாதிரிதான் ஒரே விடை வந்தது… அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, பாதிரியார் இருக்கிறார், மாமாக்கள் இருக்கிறார்கள், அக்கா தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வருகிறாள், ரென்ஸ்கே கையை நீட்டவில்லை, "அம்மா தங்கத்த எடுத்த கையால குடுக்கிற கேக்க நான் தின்ன மாட்டேன்" என்றாள், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. லிஸ்பெத் தட்டை மேசையில் வைத்தாள். கோட்டை எடுத்தாள். சைக்கிளில் ஏறிப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாமே, ஒரு தடவை கத்தியிருக்கலாமே, எடுக்காதவள் ஏன் பேசாமல் போக வேண்டும் என்று ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள் ரென்ஸ்கே, அந்தப் பேச்சின்மையையே சாட்சியாக வைத்துக்கொண்டாள்.

ஐந்து வருஷம். பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது, மூன்று நாள் கால்வாய் உறைந்தது, ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி பரணிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளை இறக்கியது, அவளும் ஏறினாள், அம்மா வீட்டிலிருந்து தானே மூட்டை கட்டிக் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று, அம்மாவின் பழைய மரச் சறுக்குக் கட்டைகள், அதற்கடியில் ஒரு கம்பளிக் காலுறை, காலுறைக்குள்… கனத்தது. அவள் கையில் கனத்தது. எடுத்துக்கொண்டு வந்தது யார் என்று கேட்டால் அவளேதான், தெரியாமல், ஆனால் அவளேதான். பரண் ஏணியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சீட்ஸே பார்த்துவிட்டான். "இதப் பத்தி மூச்சு விட்டே, அவ்வளவுதான்" என்று அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டாள். சொல்லத்தான் நினைத்தாள், பனி உருகட்டும் என்று நினைத்தாள், வசந்தம் வரட்டும் என்று நினைத்தாள், எப்படித் தொடங்குவது, பாலம் வழியாகப் போய்க் கதவைத் தட்டி, இந்தாடி, என் பரணில்தான் இருந்தது என்றா? ஊரில் எல்லோருக்கும் தெரியுமே, லிஸ்பெத் திருடி என்று இவள் எல்லோர் எதிரிலும் சொன்னது. இனி எல்லோரும் இவளைப் பார்ப்பார்களே. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது, இன்றைக்கும் அது காலுறையோடு துணி அலமாரியில், மேல்தட்டில், குளிர்காலப் போர்வைக்குப் பின்னால். வெட்கக்கேடு. அதை அவள் மனதுக்குள் ஒத்துக்கொள்வாள், மனதுக்குள் மட்டும். அவன் போய்ச் சொல்லிவிட்டான் என்றால், அக்கா இவள் வாயால் கேட்காமல் அவன் வாயால் கேட்டுவிட்டாள் என்றால், பிறகு இவள் போவதற்கு என்ன இருக்கிறது? எதைக் கொண்டு போவாள்?

படகு இந்தப் பக்கம்தான் நின்றது. நூல் அறவில்லை. பனித்துளி கோத்துக்கொண்டு அப்படியே இருந்தது. ஆக, இன்னும் வரவில்லை, இன்றைக்குச் செவ்வாய், வருவான், இன்றைக்குக் கையும் களவுமாக… சைக்கிள்காரர்களுக்காகப் போட்ட பெஞ்சு நாணல் மறைப்பில் இருந்தது, அதில் உட்கார்ந்தாள், ஈரம் இரவு உடையைத் தாண்டித் தொடையில் ஏறியது, மேலே போட்டிருந்தது சீட்ஸேயின் கோட்டு, அவசரத்தில் கையில் கிடைத்தது, பையில் கைவிட்டாள், விடாமல் இருக்க முடியுமா, ஒரு புதினா மிட்டாய், ஒரு திருகாணி, ஒரு ரசீதுகூட இல்லை, ஒன்றுமே இல்லாத பையும் சந்தேகத்துக்குரியதுதான். எப்போது தொடங்கியது இது? ஏப்ரல் ஒன்பது. தேதி மறக்காது, அன்றைக்கு அவள் பிறந்தநாள், பதினோரு மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள், நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், வருகிறவன் அவளுக்கு வாழ்த்துச் சொல்லி, பெண்டாட்டிக்குப் பிறந்தநாள் என்று சீட்ஸேவுக்கும் வாழ்த்துச் சொல்லி, வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கைகொடுத்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும், அந்த அவசரத்தில் ஓடிவந்து பார்த்தால் படகு அந்தப் பக்கம். முதல் தடவை. திட்டிக்கொண்டே இழுத்தாள். அன்றைக்கும் முதல் சுற்று கனத்தது. பிறந்தநாள் என்றதும் கழிப்பறைச் சுவரில் தொங்குகிற பிறந்தநாள் காலண்டர் ஞாபகம் வந்தது, வருஷம் போடாதது, அதனால் தூக்கிப் போடவே வேண்டாம், அம்மா கையெழுத்தில் எல்லோர் பெயரும், நவம்பரில் லிஸ்பெத், பதினோரு வருஷமாக ஒவ்வொரு நவம்பரும் முப்பது நாள் உட்காரும்போதெல்லாம் கண்ணுக்கு நேரே. அடித்துவிடலாம் என்று ஒரு தடவை பேனாவோடு போனாள். அம்மா கையெழுத்தாயிற்றே என்று விட்டுவிட்டாள். அம்மா கையெழுத்துக்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை.

டிக் டிக் டிக். சைக்கிள். வந்துவிட்டான்! ரென்ஸ்கே மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நாணலுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தினாள், ஆனால் சீட்ஸேயின் கோட்டு மஞ்சள் நிறம், ஒரு மைல் தூரத்தில் வருகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றே தைத்த கோட்டு, அவன் சைக்கிளை நிறுத்தினான், "என் கோட்டு இங்க உக்காந்து என்ன பண்ணுது?" என்றான். எழுந்தாள், வேறு வழியில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீ எங்க கிளம்பிட்ட, அதச் சொல்லு மொதல்ல." "நாப்பத்தொண்ணாம் நம்பர்ப் பலகையில சிலந்தி வலை கட்டியிருக்காம், நேத்து ரெண்டு பேர் வழி தவறி எவன் வீட்டுத் தோட்டத்துலயோ போய் நின்னிருக்காங்க." "வாளியில என்ன?" "தண்ணி." "தண்ணியா…" என்று இழுத்தாள். "நம்பிக்கை இல்லன்னா குடிச்சுப் பாரு, சோப்பு போட்டது." கிண்டல் வேறு! அவளுக்குக் கோபம் தலைக்கேறியது, ஏப்ரலிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது, நடிக்காதே, லிஸ்பெத்தப் பாக்கத்தானே போற, வாரா வாரம் படகு அந்தப் பக்கம் நிக்குதே, அது என்ன தானா நீந்திப் போச்சா, பலகையத் துடைக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா… சீட்ஸே வாளியை மறு கைக்கு மாற்றினான். "நானா? இந்தப் படகுல நான் ஏறி நாலு வருஷமாச்சு, தெரியுமா உனக்கு? என் முதுகு இருக்கிற லட்சணத்துல இந்தச் சக்கரத்த ரெண்டு சுத்து சுத்தினா அப்புறம் என்னை நீதான் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளணும்." "அப்ப சொல்லல?" "என்னத்த?" "தங்கத்த." அந்த வார்த்தை ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வெளியே வந்தது. அவன் வாளியைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "சொல்லல ரென்ஸ்கே. அவ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் போய்ச் சொன்னா அது கோள். உன் வாயால வரணும்னு நானும் ஆறு வருஷமா பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீயா, வாயத் தொறக்க மாட்டேங்கிற." பொய் சொல்கிறானா? மூக்கைத் தொடவில்லை, பொய் சொன்னால் மூக்கைத் தொடுவான், ஆனால் இந்தக் காலத்தில் அதையும் பழகிக்கொண்டிருப்பானோ…

அப்போதுதான் கிறீச்சென்றது. அவள் திரும்பினாள். கரைச் சக்கரம் சுற்றியது. யாரும் தொடவில்லை, சீட்ஸே அவளுக்கு எதிரே நிற்கிறான், இரண்டு கையும் வெறும் கை, அவள் கை இடுப்பில் இருக்கிறது, கைப்பிடி தானாக மேலே எழுந்து, கீழே இறங்கி, மறுபடி மேலே. தண்ணீருக்குள்ளிருந்து சங்கிலி சொட்டச் சொட்ட எழுந்தது. படகு அசைந்தது. நூல் நீண்டு, விறைத்து, பட்டென்று அறுந்தது. யாரும் ஏறவில்லை. யாருமே ஏறவில்லை! வெறும் படகு, துடைத்த மேசை மாதிரி ஈரமாக, ஒரு தடம் இல்லாமல், பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுக்கிறார்கள். அடக் கடவுளே, இவ்வளவுதானா… இழுக்கிறவர் ஏறினால்தானே படகு இந்தப் பக்கம் வரும், இழுத்துவிட்டு ஏறாமல் நின்றால்? கூப்பிட்டுவிட்டு ஏறாமல் போகிற ஆள் உண்டா, உலகத்தில் எவளாவது அப்படிச் செய்வாளா என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே. "இந்தா, நான் பாதை முனையில இருக்கிற நம்பர்ப் பலகையத் துடைக்கப் போறேன்" என்றான் சீட்ஸே தாழ்ந்த குரலில், வாளியை எடுத்துக்கொண்டான், சக்கரத்தை ஒரு தடவை பார்த்தான், ஆச்சரியமே படவில்லை, அதை அவள் கவனித்தாள், தெரியுமா இவனுக்கு, எத்தனை நாளாகத் தெரியும், திரும்பும்போது அந்தப் பண்ணைப் பாதையைத் தாண்டித்தானே பாலத்துக்கு வருகிறான்… கேட்பதற்குள் டிக் டிக்கென்று போய்விட்டான்.

ஐந்து சுற்று. நின்றது. ரென்ஸ்கே சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஐந்து சுற்று. நின்றது. மூச்சு வாங்குகிற நேரம். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நின்றது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, வெண்ணெய் கடையும்போதும் அப்படித்தான், கிணற்றுப் பம்பை அடிக்கும்போதும் அப்படித்தான், ஐந்துக்கு மேல் அந்த வலது தோள் வராது, பதினோரு வயதிலிருந்து வராது. எல்லோரும் ஒரே நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பனியில் சறுக்கிப் போவார்கள், முன்னால் ரென்ஸ்கே, ஏழு வயது, பின்னால் லிஸ்பெத், கம்பை விடாதேடி, விடாதேடி என்று கத்திக்கொண்டே வந்தாள், வளைவில் இவளுக்குப் பயம் வந்தது, விட்டுவிட்டாள். லிஸ்பெத் விடவில்லை. கம்போடு போய்ப் படகுத்துறையில் மோதினாள். அம்மா கேட்டபோது, நானாத்தான் விழுந்தேன், என்றாள். அதற்கும் மேல் ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் இருப்பது அவள் பழக்கம், அவள் குணமே அப்படித்தான், அதைப் போய்ச் சாட்சி என்று வைத்துக்கொண்டாளே இந்த முட்டாள்! பனிக்குள் எங்கோ டொக்கென்று மரத்தில் மரம் மோதியது, படகு அந்தக் கரையைத் தொட்டுவிட்டது. இனி ஏற வேண்டும். ஏறுகிறாளா? கதவுச் சத்தம் இல்லை. பலகைச் சத்தம் இல்லை. நிற்கிறாள். ஏப்ரல் ஒன்பதிலிருந்து, இவள் பிறந்தநாளிலிருந்து, பதினோரு செவ்வாய், ஏழு வெள்ளி, அந்த வியாழன்கள், அந்த ஞாயிறு, எல்லாவற்றையும் இப்போது கணக்கில் சேர்க்க வேண்டும், அத்தனை நாளும் படகைக் கூப்பிட்டுவிட்டு, ஏறலாமா வேண்டாமா என்று அங்கே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நிற்பாள்? ஏழு மணி வரைக்குமா? ஏழு மணிக்கு இங்கிருந்து இவள் வருவாள், படகு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள், திட்டிக்கொண்டே சக்கரத்தில் கை வைப்பாள், வெடுக்கென்று ஒரு இழுப்பு… அவள் கையிலிருந்து. அவள் கையிலிருந்துதான் பிடுங்கியிருக்கிறாள், முதல் சுற்று கனத்த ஒவ்வொரு காலையும்.

குரல் கொடுக்கலாம், நாற்பது மீட்டர்தான், பனியில் குரல் நன்றாகக் கேட்கும். லிஸ்… என்று வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஏன் வந்து நிற்கிறாள், என்ன வேண்டும் அவளுக்கு, தங்கம் கிடைத்தது தெரிந்து வந்து நிற்கிறாளா, தெரியாமலே வந்து நிற்கிறாளா, தெரியாமலே என்றால் அதைவிட மோசம், திருடி என்று சொன்னவளைத் தேடி எவளாவது வருவாளா, இதிலும் ஏதாவது… பார், இப்போதும் புத்தி அங்கேதான் போகிறது. அலமாரி, மேல்தட்டு, போர்வைக்குப் பின்னால். வீட்டுக்குப் போய் எடுத்து வர ஐந்து நிமிஷம் ஆகும். ஐந்து நிமிஷத்தில் போய்விடுவாளா? ரென்ஸ்கே போகவில்லை. ஈரக் கைப்பிடியைப் பிடித்தாள். இழுக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சும்மா ஒரு அசைவு, இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு, அரைச் சுற்றுகூட இல்லை. மெதுவாகச் சுற்றினாள். சங்கிலி எழுந்தது, நேராகியது, இறுகியது, அதற்கு மேல் வரவில்லை. கல் மாதிரி கனத்தது. அவள் வெடுக்கென்று இழுக்கவில்லை, விடவும் இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பாசியெல்லாம் ஒன்றுமில்லை என்று அந்த ஆள் அப்போதே சொன்னான்.